1.8 சென்டிமீட்டர் தைராய்டு கட்டி: பாதியா, முழுவதுமா?

9 ஜூன் 2025, கோலகங்சார் வாசகர் கேட்டது

அம்மாவுக்கு 54 வயது. கழுத்தின் வலப்பக்கம் 1.8 சென்டிமீட்டர் கட்டி. ஊசிப் பரிசோதனையில் பாப்பிலரி வகைப் புற்றுநோய் என்று வந்துவிட்டது. ஸ்கேனில் நெறிக்கட்டி (நிணநீர்க் கணுவில் வீக்கம்) எதுவும் தெரியவில்லை. அரசு மருத்துவமனை நிபுணர் தைராய்டு சுரப்பியின் வலப்பாதியை எடுத்தால் போதும் என்கிறார். ஈப்போவில் தனியாரிடம் காட்டினோம்; அவர் முழுவதையும் எடுத்துவிட்டால் நிம்மதி என்கிறார். ஒருவர் காசுக்காக அதிகம் வெட்டுகிறாரா, மற்றவர் செலவைக் குறைக்கக் குறைவாக வெட்டுகிறாரா? சுங்கை சிப்புட் டீச்சருக்கு இதே அறுவை நடந்தது என்று கேள்விப்பட்டேன். அவர் சொன்னால் நல்லது.

9 ஜூன், இரவு, சுங்கை சிப்புட் டீச்சர்

இருவரையும் திருடராக்காதீர்கள். இருவரிடமும் புத்தகம் இருக்கிறது, பதிப்புதான் வேறு.

அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், 1 சென்டிமீட்டரைத் தாண்டிய புற்றுநோய் என்றால் ஏறக்குறைய முழுச் சுரப்பியையும் எடு என்றன. அதே சங்கத்தின் 2015 பதிப்பு, 1 முதல் 4 சென்டிமீட்டர் வரை, கட்டி சுரப்பிக்கு வெளியே பரவாமல், நெறிக்கட்டியும் இல்லாமல் இருந்தால் பாதியும் எடுக்கலாம், முழுவதும் எடுக்கலாம் என்றது. உங்கள் அம்மாவின் கட்டி இந்த இடைவெளிக்குள் விழுகிறது. 2009இல் வந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. முழுவதும் போயிருக்கும்.

எனக்குப் போனது. 2011, 1.6 சென்டிமீட்டர்.

10 ஜூன்

காலையில் பார்த்தால் ஏழெட்டுப் பேர் எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பேர் 'வேரோடு பிடுங்கு' கட்சி. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு லாலாங் புல் நினைவு போகாது.

இது அப்படிப் பரவுகிற நோய் அன்று. பாப்பிலரி வகையின் சிறிய கட்டிகள் மிக மெதுவாக நகர்பவை. ஜப்பானில் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனையில் 1993 முதல், 1 சென்டிமீட்டருக்கும் குறைவான கட்டிகளைக் கத்தி வைக்காமல் ஸ்கேன் மட்டும் எடுத்துக் கண்காணித்து வருகிறார்கள். 2014இல் 1,235 பேரின் கணக்கை வெளியிட்டார்கள். பத்து ஆண்டில் 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தது ஏறத்தாழ 8 விழுக்காடு. நெறிக்கட்டிக்குப் போனது 4 விழுக்காட்டுக்கும் குறைவு. அவர்களுக்குப் பிறகு அறுவை செய்தார்கள், நலமாக இருந்தார்கள்.

1.8 என்பது அந்தக் கணக்கில் வராது. உங்கள் அம்மாவுக்கு அறுவை வேண்டும். நான் சொல்ல வந்தது, 'அவசரம், நாளைக்கே' என்று யாராவது மிரட்டினால் எழுந்து வந்துவிடுங்கள் என்பதுதான்.

10 ஜூன், மதியம்

முழுவதையும் எடுப்பதில் என்ன நட்டம், தைராய்டு ஹார்மோனுக்குப் பதிலாகத் தினம் ஒரு மாத்திரைதானே என்று தைப்பிங் நண்பர் கேட்கிறார். அவருக்குத் தனியாக.

தைராய்டின் பின்னால் அரிசி அளவில் நான்கு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பக்கத்துக்கு இரண்டு. உடலின் கால்சியம் அவற்றின் கையில். குரல் நரம்பும் பக்கத்துக்கு ஒன்று. பாதி எடுக்கும்போது மருத்துவர் ஒரு பக்கத்தை மட்டுமே தொடுகிறார். மறுபக்கத்து இரண்டு கால்சியம் சுரப்பிகளும் நரம்பும் அப்படியே இருக்கும். முழுவதும் எடுக்கும்போது இரு பக்கமும் ஆபத்துக்குள் வருகின்றன.

எனக்கு மூன்றாம் நாள் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. விரல்கள் மடங்கிக்கொண்டன. என் கணவர் அதை வாதம் என்று நினைத்து எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தார். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸரின் மகன், எந்தப் பட்டமும் இல்லாதவன், "கால்சியம் குறைந்திருக்கும், ஓடுங்கள்" என்றான். அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறானாம். கால்சியம் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கினேன்.

குரல் போகவில்லை. ஆனால் மேல் சுருதி போய்விட்டது. கோயிலில் தேவாரம் பாடும்போது எந்த இடத்தில் நான் வாயை மட்டும் அசைக்கிறேன் என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும். வகுப்பறையில் பின் பெஞ்சுக்காரர்களுக்குக் கொண்டாட்டம், கத்தினால் கேட்காது.

13 ஜூன்

இரண்டு நாள் யோசித்தேன். ஏன் முழுவதும் எடுக்கச் சொன்னார்கள் என்பதை விட்டுவிட்டேன். அதைச் சொல்லாமல் 2009 பதிப்பைத் திட்டினால் நியாயமில்லை.

கட்டி முழுவதும் போக வேண்டும் என்பது மட்டுமே காரணமில்லை. அறுவைக்குப் பிறகு, மிச்சமிருக்கும் தைராய்டுத் திசுவை அழிக்கக் கதிரியக்க அயோடின் கொடுப்பது அக்காலத்து வழக்கம். பாதிச் சுரப்பி மிச்சமிருந்தால் கொடுத்த அயோடினை எல்லாம் அதுவே உறிஞ்சிக்கொள்ளும், புற்றுநோய்த் துணுக்குக்குப் போய்ச் சேராது. அடுத்தது தைரோகுளோபுலின் என்ற இரத்தப் பரிசோதனை. தைராய்டுத் திசு மட்டுமே உண்டாக்கும் புரதம் அது. சுரப்பி முழுவதும் போய்விட்டால் அந்த எண் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். ஏறினால் நோய் திரும்புகிறது என்று அர்த்தம். பாதி மிச்சமிருந்தால் அந்த எண்ணை வைத்துத் தெளிவாக எதுவும் சொல்ல முடியாது.

ஆக, அறுவையின் அளவை முடிவு செய்தது கட்டி மட்டுமன்று, பின்னால் வரப்போகும் சிகிச்சையும் கண்காணிப்பும். இந்தச் சங்கிலியை எந்த மருத்துவரும் எனக்கு விளக்கவில்லை. நானே பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

சங்கிலியின் முதல் வளையம் கழன்றது. குறைந்த அபாயக் கட்டிகளுக்கு அயோடினை வழக்கமாகக் கொடுக்கத் தேவையில்லை என்று 2015 பதிப்பே சொல்லிவிட்டது. 2022இல் பிரான்சிலிருந்து ஒரு சோதனை முடிவு வந்தது. முழுச் சுரப்பியும் எடுக்கப்பட்ட, அபாயம் குறைந்த 776 பேரில் ஒரு பாதிக்கு அயோடின், மறு பாதிக்கு வெறும் கண்காணிப்பு. மூன்று ஆண்டுக்குப் பின் இரு தரப்பும் ஒன்றுபோலவே இருந்தன. அயோடினே வேண்டாம் என்றால், அதற்காக முழுவதும் எடுப்பது எதற்கு?

நான் பினாங்கில் போய் அந்த அயோடினைக் குடித்தவள். முன்னதாக நெத்திலி கூடாது, அயோடின் உப்பு கூடாது. நெத்திலி சம்பல் இல்லாமல் நாசி லெமாக் எதற்கு என்று பட்டினியே கிடந்தேன்.

14 ஜூன்

"52,000 பேரை ஆராய்ந்து முழு அறுவைதான் உயிரைக் காக்கும் என்று நிரூபித்துவிட்டார்கள்" என்று ஒருவர் ஒட்டியிருக்கிறார். அந்த ஆய்வு உண்மை. 2007இல் வந்தது, 52,173 பேர், அமெரிக்கா. 1 சென்டிமீட்டருக்கு மேல் பாதி எடுத்தவர்களுக்கு இறப்பு அபாயம் 31 விழுக்காடு கூடுதல் என்றது. 31 என்று கேட்டால் யாருக்கும் வயிறு கலங்கும். பத்தாண்டு உயிர்வாழ்வைப் பாருங்கள். முழுவதும் எடுத்தவர்கள் 98.4 விழுக்காடு, பாதி எடுத்தவர்கள் 97.1. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்று சொச்சம். இரண்டும் ஒரே ஆய்வின் எண்கள்தாம். எதை முன்னால் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து நோயாளி கையெழுத்துப் போடுகிறார்.

பிறகு 2014இல், அதே அமெரிக்கத் தரவுத்தளத்தில், 1 முதல் 4 சென்டிமீட்டர் வரையுள்ள 61,775 பேரை வேறொரு குழு பார்த்தது. பிற நோய்கள், கட்டி வெளியே பரவியிருந்ததா, பல இடத்தில் இருந்ததா என்பதையெல்லாம் கணக்கில் சேர்த்தவுடன் உயிர்வாழ்வில் வித்தியாசம் மறைந்துவிட்டது. அடுத்த ஆண்டுப் பதிப்பு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டுமே பழைய நோயாளிப் பதிவேடுகளைப் புரட்டிச் செய்தவை. யாருக்குப் பாதி, யாருக்கு முழுவதும் என்று குலுக்கல் முறையில் பிரித்துப் பார்க்கும் சோதனை பிரிட்டனில் நடக்கிறது. அது முடியும்வரை எந்தக் கட்சிக்காரரும் மேசையைத் தட்ட வேண்டாம்.

14 ஜூன், இரவு

டீச்சர் அமெரிக்காவை மட்டுமே சொல்கிறார் என்ற குறைக்கு: ஜப்பானிய மருத்துவர்களின் 2010 நெறிகள், 2 சென்டிமீட்டர் வரை பரவாத கட்டிக்குப் பாதியே போதும் என்றன. ஆகவே 2011இல் என் 1.6 சென்டிமீட்டர் கட்டி கோபேயில் இருந்திருந்தால் நான் இன்னும் தேவாரத்தில் மேல் சுருதி எடுப்பேன். ஜப்பானில் கதிரியக்க அயோடின் கொடுக்கும் படுக்கைகள் குறைவு. அதனால் பாதியோடு நிறுத்தும் பழக்கம் அங்கே முன்பே வேரூன்றிவிட்டது. இல்லாமையிலிருந்து வந்த பழக்கம், பிற்பாடு அறிவியலாகவும் நின்றது.

19 ஜூன்

கோலகங்சார் தம்பி தனிச் செய்தியில் கேட்டதற்கு எல்லாருக்கும் பொதுவாகவே பதில் எழுதுகிறேன். அவர் பெயரும் அம்மா பெயரும் வராது.

தனியார் மருத்துவர் அவரிடம் சொன்ன காரணம்: "நீங்கள் தோட்டத்துக்குள் இருக்கிறீர்கள், வருடா வருடம் ஸ்கேனுக்கு அம்மாவைக் கூட்டிவருவீர்களா? முழுவதும் எடுத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை."

இதைப் படித்ததும் எனக்கு இரத்தம் கொதித்தது. 2011இல் என் படுக்கைக்கு அருகில் நின்று ஒரு மருத்துவர் இளைய மருத்துவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார், எஸ்டேட் ஆட்கள் திரும்ப வரமாட்டார்கள், ஒரே தடவையில் முடித்துவிடு என்று. எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்தார் போலும். நான் அப்போதே தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள். பள்ளியின் பெயர் வேண்டாம். டாக்டரின் பெயரும் வேண்டாம், நல்ல கைராசிக்காரர்.

அந்த வாதம் தலைகீழானது. முழுச் சுரப்பியும் போனவருக்கு ஒவ்வொரு நாளும் தைராக்சின் மாத்திரை வேண்டும், சாகும்வரை. மறந்தால், மருந்து தீர்ந்தால், மாதக்கணக்கில் விட்டால் உடல் வீங்கி, மந்தமாகி, ஆளையே சாய்த்துவிடும். பாதி மிச்சமிருப்பவர் ஒரு ஸ்கேனைத் தவறவிட்டால், இந்த மெதுவான நோயில், அடுத்த தடவை போகலாம். சாலையும் பஸ்ஸும் சரியில்லாத இடத்தில் இருப்பவரை மருந்தகத்தோடு அதிகம் கட்டிப்போடுவது எது என்று நீங்களே சொல்லுங்கள்.

வழிகாட்டி நெறியில் சென்டிமீட்டர் இருக்கிறது. நோயாளி எங்கே குடியிருக்கிறார் என்ற கட்டம் இல்லை. அதை நிரப்புவது மருத்துவரின் ஊகம். எங்களைப் பற்றிய ஊகம் பெரும்பாலும் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் காலத்தோடு நின்றுவிட்டது. இன்று எங்கள் பக்கத்துப் பால்மரங்கள் பாதி செம்பனையாகிவிட்டன, லயத்தில் இருந்தவர்கள் தாமான் என்ற வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்து விட்டார்கள், ஒவ்வொரு வீட்டிலும் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அரசு நிபுணர் கிளினிக்கில் ஐந்து வெள்ளி. வராமல் எங்கே போகப் போகிறார்கள்?

20 ஜூன்

நேற்று எழுதியது கொஞ்சம் சூடு. இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

பாதி எடுத்தாலும் மாத்திரை வராது என்று யாரும் உறுதி தர முடியாது. மிச்சப் பாதி தனியாகச் சமாளிக்காமல் போவதுண்டு. அதோடு அறுவைக்குப் பின் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்ட மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன்; மாத்திரை கூடினால் இது தாழும்) அளவைத் தாழ்வாக வைக்கச் சொல்கிறார்கள், குறைந்த அபாயக்காரருக்கு 0.5 முதல் 2 வரை என்பது 2015 பதிப்பின் அளவு. அந்த எல்லைக்குள் வைக்கச் சிலருக்கு மாத்திரை தேவைப்படும். ஆனால் அந்த மாத்திரையை ஒரு வாரம் மறந்தாலும் உள்ளே ஒரு பாதி வேலை செய்துகொண்டிருக்கிறது. எனக்கு அது இல்லை.

அடுத்தது, இரண்டாவது அறுவை. எங்கள் அக்காள் மகளுக்கு 2023இல் பாதி எடுத்தார்கள். திசு அறிக்கையில் இரத்தக் குழாய்க்குள் புற்றுநோய் புகுந்திருப்பது தெரிந்தது, மறுபாதிக்கும் அழைத்தார்கள். அவள் அழுதாள், "அன்றே எடுத்திருக்கலாமே சித்தி" என்றாள். பாதி என்று தொடங்குகிற சிலருக்கு இது நடக்கும். தெரிந்தே இறங்க வேண்டும். வழிகாட்டி நெறிகள் கட்டியை அறுவைக்கு முன் ஒரு கண்ணாலும் பின் இன்னொரு கண்ணாலும் பார்க்கச் சொல்கின்றன. இதில் யாரும் ஏமாற்றவில்லை. ஊசி ஒரு துளியைத்தான் எடுக்கிறது, முழுக் கட்டியும் கைக்கு வந்த பிறகே நுண்ணோக்கி முழுக்கதையைச் சொல்லும்.

அவளுக்கு இரண்டாவது அறுவையிலும் கால்சியம் சுரப்பிகள் தப்பின. என்னைவிட நன்றாகப் பாடுகிறாள்.

27 ஜூன்

தைராய்டு புற்றுநோய் ஏன் இப்போது இவ்வளவு பேருக்கு என்ற கேள்வி. உப்பு, மைலோ, செம்பனைக்கு அடிக்கும் மருந்து என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிவிட்டீர்கள். மைலோவை விட்டுவிடுங்கள், பாவம்.

தென் கொரியாவைப் பாருங்கள். அங்கே உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் கழுத்து ஸ்கேனைச் சேர்த்தார்கள். 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993ஐப் போல 15 மடங்கு. அதனால் இறந்தவர்களின் விகிதம் ஏறக்குறைய அசையவே இல்லை. 2014இல் சில மருத்துவர்கள் பகிரங்கமாக எதிர்த்து எழுதினார்கள். அடுத்த ஓராண்டில் அறுவைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. நோய் திடீரென்று பயந்து ஓடிவிடவில்லை, தேடுவதை நிறுத்தினார்கள்.

நெறிகளும் இதைக் கவனித்தன. 2015 பதிப்பு 1 சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டியில் பொதுவாக ஊசி போடவே வேண்டாம் என்றது. ஊசி போடாவிட்டால் பெயர் இல்லை, பெயர் இல்லாவிட்டால் அறுவை இல்லை. அறுவையின் அளவைக் குறைப்பதில் இதுவே ஆகப் பெரிய கத்தரிக்கோல் என்பது என் எண்ணம். கோயில் மண்டபத்தில் 'இலவசக் கழுத்து ஸ்கேன்' முகாம் நடத்தக் கிளம்பும் இளைஞர் மன்றத்தார் கவனிக்கவும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள், புண்ணியமாகப் போகும்.

தோட்டத்தில் என் பாட்டிக்கு முன்கழுத்தில் பெரிய கழலை இருந்தது. சாகும்வரை அதன் மேல் தாலி ஆடியது. யாரும் ஊசி போடவில்லை. எண்பதைத் தாண்டினார். இது ஆதாரமன்று, சும்மா சொல்கிறேன்.

3 ஜூலை

தம்பி என்ன கேட்க வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்டார். பட்டியல் போட எனக்குப் பிடிக்காது, பள்ளியோடு விட்டுவிட்டேன்.

ஸ்கேனில் கட்டி சுரப்பியின் உறையைத் தொடுகிறதா, மறுபக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். மறுபக்கத்திலும் கட்டி இருந்தால் பாதி போதும் என்ற வாதம் ஆட்டங்காணும். அம்மாவுக்குச் சிறு வயதில் கழுத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்ததா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்பதை நீங்களே சொல்லுங்கள், கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். பாதி என்று முடிவானால், எந்த அறிக்கை வந்தால் மறுபாதிக்கு அழைப்பீர்கள் என்று இப்போதே எழுதி வாங்குங்கள். முழுவதும் என்றால், இந்த அறுவையை நீங்கள் ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். ஆண்டுக்கு 25க்கு மேல் செய்பவர்களிடம் சிக்கல்கள் குறைவு என்று அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. கேட்டால் கோபிப்பவரிடம் கழுத்தைக் கொடுக்காதீர்கள்.

அம்மாவிடமும் கேளுங்கள். மூன்று வாரமாக மகன் எழுதுகிறார், நாங்கள் எழுதுகிறோம், அந்த அம்மாள் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை.

5 ஜூலை

கேட்டாராம். "இரண்டாவது தடவை வெட்டினாலும் பரவாயில்லை, முதலில் பாதி. காலையில் எழுந்ததும் கோப்பி குடிக்க வேண்டும்" என்றாராம். வெறும் வயிற்றில் மாத்திரை, அரைமணி கழித்துத்தான் கோப்பி என்ற விதியை என்னிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். ஆராய்ச்சியாளர்கள் இதற்கு வாழ்க்கைத் தரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

22 செப்டம்பர்

இழை தூங்கிவிட்டது என்று பார்த்தால் மூவர் எழுப்பியிருக்கிறீர்கள்.

ஆமாம், அமெரிக்கச் சங்கத்தின் புதிய பதிப்பு 2025இல் வந்துவிட்டது. குறைந்த அபாயச் சிறு கட்டிகளுக்குப் பாதி என்ற பக்கம் சாய்வு இன்னும் கூடியிருக்கிறது. ஆனால் அச்சில் மாறியது அறுவை அறைக்குள் வர ஆண்டுகள் பிடிக்கும். 2015க்குப் பிறகு அமெரிக்காவிலேயே பாதி அறுவை மெல்லத்தான் கூடியது. பழகிய கை பழகிய இடத்துக்கே போகும். இங்கே நம் மருத்துவர்களில் யார் எந்தப் பதிப்பில் படித்தார் என்பது அவர் மேசைக்கு முன் உட்காருகிறவருக்குத் தெரியாது. கேட்டால்தான் தெரியும்.

கோலகங்சார் அம்மாவுக்கு ஆகஸ்டில் வலப்பாதி எடுத்தாயிற்று. திசு அறிக்கை சுத்தம். கால்சியம் பிரச்சினை இல்லை. மகன் அனுமதியோடு சொல்கிறேன்.

'அப்படியானால் முன்பு முழுவதும் எடுத்தவர்கள் எல்லாம் ஏமாந்தவர்களா' என்று கம்பார் அக்கா கேட்கிறார். அன்றைய புத்தகத்தில் இருந்ததைச் செய்தார்கள். எடுத்தது திரும்ப முளைக்காது. உங்கள் டி.எஸ்.எச். அளவைத் தேவைக்கு மேல் அமுக்கி வைத்திருக்கிறார்களா என்று மட்டும் அடுத்த தடவை கேளுங்கள்; பழைய வழக்கத்தில் கொடுத்த அதிக மாத்திரை எலும்பையும் இதயத் துடிப்பையும் தொந்தரவு செய்யும். எனக்கு அப்படிக் குறைத்தார்கள். கால்சியம் மாத்திரை எடுப்பவர்கள் தைராக்சினுக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். தீபாவளிப் பலகாரத்துக்கு எந்த இடைவெளியும் தேவையில்லை.